சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யார் பாட்டுக் கேட்கிறார்கள்?

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் என் மகளுக்குக் கொடுத்த நேரம் மதியம் பன்னிரண்டே முக்கால். நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். வாடகைக்கு எடுத்த உயர்நிலைப் பள்ளி அரங்கம். பன்னிரண்டரைக்கே பக்கத்து ஹாலில் சாப்பாடு ஆரம்பித்துவிட்டது. சர்க்கரைப் பொங்கலும் வடையும் மணக்கிற இடத்தில் யார் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள்? முன் வரிசையில் நானும் என் கணவரும். அடுத்து ஆடப்போகும் பிள்ளைகளின் அம்மாக்கள் நாலைந்து பேர், தலையில் பூ சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. மைக் பார்ப்பவர் ஒருவர். அவ்வளவுதான் சபை.

அவளுக்கு முன்னால் பன்னிரண்டு மணிக்கு நாற்பது வாண்டுகள் சேர்ந்து ஆடிய நடனத்துக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. வழியாதா பின்னே? நாற்பது பிள்ளை, எண்பது பெற்றோர், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி வேறு. சாப்பிட்டு முடித்து எல்லாரும் வந்து சாய்ந்தபோது, இரண்டு மணிக்கு இன்னொரு பெண் பாடினாள். சுருதி கொஞ்சம் அப்படி இப்படித்தான். ஆனாலும் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் சீட்டிலிருந்து கேள்வி வந்தது: "அம்மா, நான் நல்லா பாடலையா?"

"நல்லாத்தான் பாடின. சாப்பாட்டு நேரத்துல பாடின."

சமாதானத்துக்குச் சொன்னேன் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தில் பல வருடம் ரேட்டிங் எண்களோடு மல்லுக்கட்டியவள் நான். கோடிக்கணக்கில் பணம் புரளும் டிவி தொழிலும் இந்தப் பன்னிரண்டே முக்கால் கணக்கில்தான் ஓடுகிறது.

இதைப் பற்றி எழுத வைத்தது ஒரு போன். டல்லாஸ் பக்கத்தில் பிளேனோவில் இருக்கும் என் கல்லூரித் தோழியின் பெண்ணுக்குப் பதினொரு வயது. சென்னை சேனல் ஒன்றின் பாட்டுப் போட்டிக்கு வீடியோ அனுப்பியிருந்தாள். அடுத்த சுற்றுக்கு நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். தேர்வாகிவிட்டால் மாதக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டிவரும். பள்ளிக்கூடம் என்னாவது, இவள் வேலை என்னாவது? இதற்கிடையில் யாரோ அவளிடம் கொளுத்திப் போட்டிருக்கிறார்கள், இப்போதெல்லாம் இந்த ஷோக்களின் ரேட்டிங் முன்னே மாதிரி இல்லை, மவுசு போய்விட்டது என்று.

"டிஆர்பி இறங்கிடுச்சுங்கிறாங்க. இப்பப் போய் என்னடி பிரயோஜனம்? நீதான் அந்தத் துறையில இருந்தவளாச்சே, சொல்லு."

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. எண் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று தெரியாமல் ஒரு குழந்தையின் ஆறு மாதத்தை அதை நம்பி முடிவு செய்யக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

கோடை விடுமுறையில் முளைத்த ராட்சசன்

அமெரிக்கக் கதையிலிருந்தே தொடங்கலாம். 'அமெரிக்கன் ஐடல்' ஃபாக்ஸ் சேனலில் 2002 ஜூன் 11 அன்று ஆரம்பித்தது. ஜூன் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இங்கே கோடை வந்துவிட்டால் பெரிய சேனல்கள் கடையை முக்கால்வாசி மூடிவிட்டுப் பழைய எபிசோடுகளையே திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். பிரிட்டனில் ஓடிய ஒரு நிகழ்ச்சியின் நகல், முகம் தெரியாத பாடகர்கள். ஓடினால் ஓடட்டும் என்றுதான் கோடையில் விட்டார்கள். எதிரில் ஆளே இல்லாத மைதானத்தில் அது தவழ்ந்து, நடந்து, ஓடவும் கற்றுக்கொண்டது. செப்டம்பரில் நடந்த ஃபைனலை 2 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

அடுத்த சீசனை ஃபாக்ஸ் கோடையில் வைக்கவில்லை. 2003 ஜனவரிக்குக் கொண்டுபோனது. வெளியே பனி, மாலை ஐந்துக்கே இருட்டு, ஜனம் வீட்டுக்குள். மற்ற சேனல்களின் இலையுதிர்காலப் புதுத் தொடர்களில் பாதி அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அந்த மே மாத ஃபைனலுக்கு சுமார் 3 கோடியே 80 லட்சம் பேர். 2006 சீசனில் சராசரியே மூன்று கோடி. போட்டிச் சேனல்காரர்கள் இதற்கு 'டெத் ஸ்டார்' என்று பேர் வைத்தார்கள், ஸ்டார் வார்ஸ் படத்தில் கிரகங்களையே பொசுக்கும் அந்த ஆயுதத்தின் பேர். ஐடல் வரும் நேரத்தில் நல்ல தொடரை எதிரே வைக்கவே பயந்தார்கள். எதிரே யாரும் நிற்காததால் ரேட்டிங் ஏறியது. ரேட்டிங் ஏறியதால் எதிரே யாரும் நிற்கவில்லை. பாட்டு அப்புறம்தான்.

எதிரே நிற்கத் துணிந்தவர்கள் வந்தபோது கதை மாறியது. 2011 ஏப்ரலில் என்.பி.சி. 'தி வாய்ஸ்' கொண்டுவந்தது. அடுத்த பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆட்டம் முடிந்த கையோடு அதன் இரண்டாவது சீசனை ஆரம்பித்தார்கள். ஃபுட்பால் பார்த்தவர்கள் ரிமோட்டைத் தேடுவதற்குள் முதல் பாட்டே முடிந்திருக்கும். 3 கோடியே 70 லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள். அதே வருடம் செப்டம்பரில், சைமன் கொவெலின் 'எக்ஸ் ஃபேக்டர்' இரண்டாம் சீசன் தொடங்கும் அதே இரவில் ஒரு மணி நேர வாய்ஸைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியது என்.பி.சி. கொவெல் வெளிப்படையாகவே கொதித்தார். அந்த மணி நேரத்தில் வாய்ஸ்தான் ஜெயித்தது. எக்ஸ் ஃபேக்டர் மூன்று சீசனோடு முடிந்தது. ஐடலும் ஃபாக்ஸில் 2016 ஏப்ரலோடு விடைபெற்று, இரண்டு வருடம் கழித்து ஏ.பி.சி.யில் மறுபிறவி எடுத்தது. மறுபிறவியில் அதற்குக் கிடைத்தவை ஞாயிறும் திங்களும். திங்கள் இரவு வாய்ஸின் கோட்டை. போன இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

இதில் எங்கேயாவது பாடகர்களின் தரம் கூடியது, குறைந்தது என்று ஒரு பேச்சு வந்ததா பாருங்கள்.

லிடியனைப் பார்த்தோம், ஆனால் பார்க்கவில்லை

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இந்தச் சக்கரத்துக்குள் வந்த கதை 2019-இல் நடந்தது. சி.பி.எஸ். சேனல் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்று ஒன்றைத் தொடங்கியது. நடத்தியவர் ஜேம்ஸ் கார்டன். நடுவர்கள் ட்ரூ பாரிமோர், ரூபால், ஃபெய்த் ஹில். அவர்கள் போதாதென்று உலகத்தின் பல நாடுகளிலிருந்து ஐம்பது நிபுணர்களை மாடி மாடியாக ஒரு சுவர் போல உட்கார வைத்திருந்தார்கள். பரிசு பத்து லட்சம் டாலர். அதில்தான் சென்னையிலிருந்து வந்த பதின்மூன்று வயது லிடியன் நாதஸ்வரம் பியானோ முன் உட்கார்ந்தான். 'ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ' என்ற துண்டை முதலில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்தில் வாசித்தான். பிறகு மெட்ரோனோமை 325-க்கு ஏற்றிவிட்டு மறுபடியும் அதையே வாசித்தான். பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கே பார்த்தீர்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் பார்த்தது கோயம்புத்தூர் வழியாக. காலையில் அலாரம் நிறுத்த போனை எடுத்தால், அம்மாவின் வாட்ஸ்அப். "பாத்தியா கண்ணு? நம்ம பையன் அமெரிக்காவுல எப்படி வெளுத்து வாங்கறான் பாரு!" அமெரிக்க சேனலில், என் வீட்டிலேயே வருகிற நிகழ்ச்சி, கோயம்புத்தூர் போய்ச் சுற்றி என்னிடம் வந்து சேர்ந்தது. அன்றைக்கு ஆபீஸ் போவதற்குள் அதே துணுக்கு இன்னும் ஆறேழு குழுக்களிலிருந்து வந்துவிட்டது. ஃப்ரீமான்ட்டில் இருக்கும் என் தம்பியும் அனுப்பியிருந்தான். "ஷோவைப் பாத்தியாடா?" என்று கேட்டேன். "எந்த ஷோக்கா? இது யூடியூப்ல வந்தது" என்றான்.

இப்போது அந்த நிகழ்ச்சியை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். பிப்ரவரி 3, அட்லாண்டாவில் சூப்பர் பவுல். 9 கோடியே 82 லட்சம் பேர் பார்த்த ஆட்டம். மொத்தமே 13-க்கு 3, சூப்பர் பவுல் சரித்திரத்தில் இத்தனை குறைந்த ஸ்கோர் கிடையாது. கொட்டாவி விட வைத்த அந்த ஆட்டத்துக்குப் பிறகு, கிழக்குக் கரையில் இரவு பத்து மணிக்கு மேல், மறுநாள் திங்கள் என்கிற நிலையில் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' ஆரம்பமானது. அப்படியும் 2 கோடியே 20 லட்சம் பேர் பார்த்தார்கள். அதாவது, டிவியை அணைக்காமல் விட்டார்கள்.

மூன்றே நாளில் அது தன் வழக்கமான இடத்துக்குப் போனது. புதன்கிழமை இரவு. அந்தக் குளிர்காலத்தில் புதன் இரவு யாருடையது தெரியுமா? ஃபாக்ஸின் 'தி மாஸ்க்ட் சிங்கர்'. முகமூடிக்குள் யார் பாடுவது என்று நாடே ஊகித்துக்கொண்டிருந்த முதல் சீசன், அந்தப் பருவத்தின் பெரிய ஹிட். போதாததற்கு திங்கள்கிழமைகளில் என்.பி.சி.யில் 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்: சாம்பியன்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய இதே சரக்கு, மக்களுக்கு ஏற்கெனவே பழகிய பிராண்ட். ஒரு வாரத்தில் ஒரு குடும்பம் எத்தனை வித்தைக்காரர்களைத்தான் பார்க்கும்? பார்வையாளர் எண்ணிக்கை இரண்டு கோடியிலிருந்து ஒற்றை இலக்க மில்லியன்களுக்கு விழுந்தது.

மார்ச் 13 ஃபைனலில் தென் கொரியாவின் குக்கிவோன் டேக்வாண்டோ குழுவை முந்தி லிடியன் ஜெயித்தான். நம் குழுக்களில் அன்று தீபாவளி. ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு இரண்டாவது சீசன் வரவேயில்லை.

நம்மில் பலரும் இதைக் கவனிக்கவே இல்லை. அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் பெருமையில் பூரித்துப்போய் அந்தத் துணுக்கை ஆளுக்குப் பத்துத் தடவை பார்த்தோம். யூடியூப்பில் பார்த்த அந்தப் பத்துத் தடவையும் சேனலின் டிவி ரேட்டிங்கில் ஏறவில்லை. அப்போது இங்கே நீல்சன் நிறுவனம் மீட்டர் வைத்திருந்த வீடுகளில், அந்த நேரத்திலோ பதிவு செய்து சில நாட்களுக்குள்ளோ பார்த்திருந்தால்தான் கணக்கு. அதிலும் விளம்பரக்காரர்கள் தேடியது 18 முதல் 49 வயது வரைக்குமான ஆட்களை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது சரி. ஆனால் புதன் இரவு ஒன்பது மணிக்கு நான் மறுநாள் டிபன் பாக்ஸுக்கு எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டிருந்தேன். மகள் தூங்கப் போய்விட்டாள். பள்ளி நாள் ஆச்சே.

நம் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்திருந்தாலும் அந்த நிகழ்ச்சி பிழைத்திருக்காது. இத்தனை பெரிய நாட்டில் நாம் எத்தனை பேர்? ஆனால் 'லிடியன் ஜெயிச்சும் அந்த ஷோ ஏன் ஓடலை, வெள்ளைக்காரன் பொறாமைதான்' என்று அப்போது ஒரு குழுவில் நீளமாக எழுதினார்களே, அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பொறாமை இல்லை சார். புதன்கிழமை.

நம் வீட்டுக் கடிகாரம்

சென்னைக்கு வருவோம். விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் 2006-இல் ஆரம்பித்தது. ஆரம்ப காலத்தில் வார நாள் இரவுகளில் வந்துகொண்டிருந்தது. வார நாள் இரவு என்றால் தமிழ்நாட்டில் சீரியல் ராஜ்ஜியம், அதிலும் சன் டிவியின் ராஜ்ஜியம். அழுகைக்கு எதிரே ஆலாபனையை வைத்து ஒரு தலைமுறையைப் பாட்டுப் போட்டிக்குப் பழக்கியது சின்ன விஷயமில்லை. பிற்பாடு இந்த நிகழ்ச்சிகள் சனி, ஞாயிறுக்கு நகர்ந்தன. அங்கேயும் நிம்மதி ஏது? ஜீ தமிழ் 'சரிகமப'வோடு வந்து நின்றது. ஞாயிறு மாலை என்றால் சன் டிவியில் பெரிய ஹீரோ படம். மார்ச் முதல் மே வரை ஐ.பி.எல்., அதில் ஏழரைக்குத் தோனி பேட்டோடு இறங்கும் நாளாக இருந்தால் எந்தக் குயில் கூவி என்ன? 2017 ஜூனில் கமல்ஹாசனோடு பிக் பாஸ் வந்த பிறகு, அதே சேனலுக்குள்ளேயே நல்ல நேரத்துக்கு அடிபிடி.

அளக்கிற கருவியையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2015 முதல் 'பார்க்' என்ற அமைப்பு அளக்கிறது. நிகழ்ச்சியின் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் புதைத்து அனுப்புவார்கள். தேர்ந்தெடுத்த வீடுகளில் இருக்கும் மீட்டர் அதைப் பிடிக்கும். வீட்டில் யார் பார்க்கிறார்களோ அவர்கள் தங்களுக்கான பொத்தானை அமுக்க வேண்டும். 2020 வாக்கில் இந்தியாவில் சுமார் 21 கோடி டிவி வீடுகள், மீட்டர் இருந்தவை 44,000. ஒரு மீட்டர் வீடு கிட்டத்தட்ட 4,800 வீடுகளின் சார்பில் பேசியது. சேனல்களின் வாரமோ சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது. வியாழன்தோறும் எண்கள் வெளியாகும்போது சேனல் ஆபீஸ்களில் பரீட்சை ரிசல்ட் வந்த வீடு மாதிரி இருக்கும் என்பார்கள்.

அந்த மீட்டர்களில் ஒன்றுகூட எடிசனில் இல்லை. பிளேனோவிலும் ஃப்ரீமான்ட்டிலும் இல்லை. டொரன்டோவிலும் யாழ்ப்பாணத்திலும்கூட இல்லை.

சென்னையில் சனிக்கிழமை மாலை ஆறரைக்குப் பாட்டுப் போட்டி தொடங்கினால் அது நியூ ஜெர்சியில் காலை ஒன்பது, டெக்சாஸில் எட்டு, கலிபோர்னியாவில் ஆறு. நவம்பரில் இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் இன்னும் ஒரு மணி நேரம் முந்திவிடும். அவர்களின் ப்ரைம் டைம் நமக்கு என்ன நேரம் என்று எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். தமிழ்ப்பள்ளி நேரம். தமிழ்ப்பள்ளி இல்லையென்றால் சாக்கர், அதுவும் இல்லையென்றால் பாட்டு வகுப்பு. தமிழ்ப் பாட்டைக் கேட்க முடியாதபடி நம் பிள்ளைகளைத் தடுப்பது இங்கிலீஷ் மோகம் என்று மேடையில் முழங்குகிறோம். என் வீட்டில் தடுத்தது ஆத்திசூடி.

என் தம்பி மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து, காபி டம்ளரோடு, வீட்டார் எழுந்துவிடக் கூடாதென்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு லைவ்வாகப் பார்ப்பான். "அம்மாவும் இப்பதான்க்கா பாத்துட்டிருப்பாங்க" என்பான். அவனுக்கு அது ரேட்டிங் இல்லை, ஊரோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பது. அந்த ஆசையை எந்த மீட்டரும் பிடிக்காது.

பின் எதற்கு நம் பிள்ளைகள்?

தோழிக்கு நான் சொல்ல நினைத்தது இங்கேதான் வருகிறது. நம்மைக் கணக்கிலேயே எடுக்காத ரேட்டிங்குக்காக ஓடும் நிகழ்ச்சி, நம் பிள்ளைகளை மட்டும் ஏன் தேடித் தேடிக் கூப்பிடுகிறது?

வெளிநாட்டுத் தமிழர் மத்தியில் நிகழ்ச்சியைப் பரப்பத்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்தேன். அதில் உண்மை இல்லாமலில்லை. வெளிநாட்டுச் சந்தா இருக்கிறது, யூடியூப் வருமானம் இருக்கிறது, போட்டி முடிந்ததும் பாடகர்கள் நம் சங்கங்களுக்கு விமானம் ஏறி வருகிறார்கள். ஆனால் வியாழக்கிழமை எண்ணுக்கு இவை எதுவும் உதவாது. அந்த எண்ணைக் கொடுப்பது மதுரையிலும் சேலத்திலும் மீட்டர் இருக்கிற வீடு. அங்கே உட்கார்ந்திருக்கும் அக்காவை சீரியலுக்கும் சினிமாவுக்கும் நடுவிலிருந்து இழுத்து வருவதற்குச் சுத்தமான சங்கதி போதாது. ஒரு கதை வேண்டும். 'அத்தனை தூரத்துல பொறந்தும் எப்படித் தமிழ் பாடுது பாரேன் இந்தப் பொண்ணு' என்பது, அந்த அக்காவின் விரல் ரிமோட்டில் நகராமல் நிற்க வைக்கும் கதை.

கனடாவிலிருந்து போன ஜெசிகா ஜூட்ஸை நினைத்துப் பாருங்கள். 2015 பிப்ரவரியில் சூப்பர் சிங்கர் ஜூனியர் நான்காவது சீசன் ஃபைனல். அங்கே மாலை, டொரன்டோவில் காலை. புலம்பெயர்ந்த தமிழர்கள் ஃபேஸ்புக்கில் ஓட்டு வேட்டை நடத்தினார்கள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் நாட்டைப் பிரிகிறவர்கள் பாடும் அந்தப் பாட்டை ஜெசிகா மேடையில் பாடியபோது அழாத ஈழத்து வீடு இருந்திருக்காது. பட்டம் ஸ்பூர்த்திக்கு, ஜெசிகாவுக்கு இரண்டாம் இடம். பரிசான ஒரு கிலோ தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னது அந்தக் குடும்பம். 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா பட்டமே வென்றாள். அதே சீசனில் இலங்கை மலையகத்திலிருந்து அசானியும் பாடினாள். இவர்களின் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. குரல் இல்லாமல் அத்தனை சுற்று தாண்ட முடியாது. ஆனால் எந்தச் சுற்றில் எந்தப் பாட்டு, எந்த வாரம் அம்மா மேடைக்கு வருவார், கண்ணீர் எந்த எபிசோடின் கடைசி நிமிடத்தில் வரும், அடுத்த வாரத்துக்கான முன்னோட்டத்தில் எதைக் காட்டுவது என்பதையெல்லாம் எதிரே என்ன ஓடுகிறது என்று பார்த்துத்தான் வைப்பார்கள். வைக்காவிட்டால் அந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் வைப்பேன்.

சூப்பர் சிங்கர் ஜூனியரின் பழைய வாசகம் ஞாபகம் இருக்கிறதா? 'தமிழகத்தின் செல்லக் குரலுக்கான தேடல்.' தமிழகத்தின். ஆரம்பத்திலேயே அவர்கள் மறைக்காமல்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, தோழியிடம் இரண்டு விஷயம் சொன்னேன். முதலாவது, டிஆர்பி இறங்கிவிட்டது என்பது பாட்டின் மவுசு குறைந்ததற்குச் சாட்சி இல்லை. 2006-இல் பெரிய பாட்டுப் போட்டிகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இன்றைக்கு சனி ஞாயிறில் மட்டும் எத்தனை? போதாததற்குக் கையில் போன். ஐடலை 2006-இல் பார்த்த அந்த மூன்று கோடி இன்றைக்கு யாருக்கும் கிடைப்பதில்லை. எல்லாரும் ஏறும் படகில் தண்ணீர் கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது, இந்த ஒரு பிள்ளை ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவதைச் சொல்லத்தான் கொஞ்சம் தயங்கினேன். "உன் பொண்ணு பாட்டைக் கேக்கறதுக்குக் கூப்பிடறாங்க. பாட்டுக்காக மட்டும் கூப்பிடலடி. 'அமெரிக்காவுல பொறந்த பொண்ணு'ன்னு அவ மேல ஒரு பேரு ஒட்டுவாங்க. வாரா வாரம் அதைத்தான் கேப்பாங்க. தமிழ் எழுதத் தெரியுமா, இட்லி சாப்பிடுவியா, ஊர் பிடிச்சிருக்கா. ஒரு நாள் ஒரு வார்த்தை அவ தப்பா உச்சரிச்சா அதுதான் ப்ரோமோ. அதுக்கு அவ சிரிப்பாளா, உள்ளுக்குள்ள சுருங்கிப் போவாளான்னு உனக்குத்தான் தெரியும். ஐ.பி.எல். சமயத்துல அவ எலிமினேட் ஆனா, பாட்டுக்காகத்தான் ஆனோம்னு நினைச்சுக்குவா. நீ பக்கத்துல இருந்து இல்லைன்னு சொல்லணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நீ போகச் சொல்றியா, வேணாங்கிறியா?" என்றாள்.

"கேட்டுக்கோ. ஷூட்டிங் எப்ப, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இந்த சீசனை எத்தனை வாரத்துக்குத் திட்டம் போட்டிருக்காங்க, நீட்டிச்சா என்ன செய்வாங்க. ராத்திரி எத்தனை மணி வரைக்கும் குழந்தைகளை உக்கார வைப்பாங்க. இதுக்கெல்லாம் எழுத்துல பதில் வந்தா யோசி."

கேட்டாள். சிலவற்றுக்குப் பதில் வந்தது. எத்தனை வாரம் என்ற கேள்விக்கு மட்டும் 'அது போகப் போகத்தான் தெரியும் மேடம்' என்றார்களாம். பொய் சொல்லவில்லை அவர்கள். வியாழக்கிழமைகள் வந்தால்தானே தெரியும்.

கடைசியில் கோடை விடுமுறைக்குள் முடிகிற வரைக்கும் போய்ப் பார்ப்பது, ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் எந்தச் சுற்றில் இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் இதற்குச் சம்மதிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டது அந்தப் பெண்ணின் தாத்தாதான். பேத்தி ஃபைனலில் நிற்பதை அவர் ஏற்கெனவே மனதுக்குள் பார்த்து முடித்துவிட்டார்.

போன வாரம் அவளே போனை வாங்கிப் பேசினாள். "ஆன்ட்டி, நான் பாடறது அங்க எப்ப வரும்? நீங்க லைவ்வா பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்டா. இங்க சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வரும்."

"ஆன்ட்டி, அப்போ அக்காவுக்குத் தமிழ் ஸ்கூல் இருக்குமே?"

ஒரு நாள் லீவு போடலாம் என்று சொன்னேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.